வலப்பக்கம் போன பந்து

அன்பு மகனே,

நலமாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன், ஆனால் முழுசாக இல்லை. போன மாதக் கடிதத்திலும் இதே வாக்கியத்தைத்தான் எழுதியிருந்தாய். அப்போது நீ மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய் என்பதை உன் அறை நண்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். விசாகப்பட்டினத்துக்கும் நம் மணவாள நகருக்கும் நடுவில் இத்தனை தூரம் இருக்கும்போது, நலம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சரிபார்க்க முடியும்? கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. சாப்பிட்டேன் என்று எழுதாதே, எழுதினாலும் நம்ப மாட்டேன்.

பெண் வீட்டாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். தெரிவதற்கும் இருப்பதற்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பார்க்க என் கை பரபரக்கிறது என்பது உண்மை, ஆனாலும் அடக்கிக்கொண்டிருக்கிறேன். அடக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஏன் இப்போது தோன்றுகிறது, இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் தோன்றாதது இந்த ஒரு வாரத்தில் எப்படித் தோன்றியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இது நீளமாகப் போகும். பாதியில் மடித்து வைத்துவிட்டு மறந்துவிடாதே. நீ அப்படிச் செய்வாய் என்று சந்தேகம் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் கல்யாணத்தில் தாய்மாமன் நின்று உனக்கு மாலை போடுவானா இல்லையா என்பது இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

என் வேலை உனக்குத் தெரியும். தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்து முடித்த சாமானை அளந்து பார்த்து, சரி அல்லது தப்பு என்று சாக்கட்டியால் குறி போடுகிற வேலை. இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர். எட்டு மணி நேரம் எதையும் நம்பாமல் இருப்பதற்காக ஒரு மனிதனை வேலைக்கு வைத்தால், மணி அடித்ததும் அவன் அந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வருவானா? பால்காரருக்கு எதிரிலேயே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாலில் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்தவன் நான். அவர் மூன்றாம் மாதம் நம் தெருவுக்கே வருவதை நிறுத்திவிட்டார். நீ ஏழாவது படிக்கும்போது கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கி வந்தாய். நான் உன்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் விடைத்தாளைக் காட்டச் சொல்லி வாத்தியாரிடம் கேட்டேன். அது உன் காதுக்கு எட்டியது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ எந்த மதிப்பெண்ணையும் ஓடி வந்து சொன்னதில்லை. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நான் கோல்ஃப் ஆடியவன் என்று உன் மனைவியாகப் போகிறவளிடம் சொன்னால் சிரிப்பாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆலைக்குக் கல்கத்தா பக்கத்திலிருந்து ஒரு மானேஜர் வந்திருந்தார். ஆட்கள் அவரைத் தொரை என்பார்கள். ஆலைக்குப் பின்னால், பிற்பாடு ஷெட் கட்டுவதற்காக வாங்கிப் போட்டிருந்த நிலம் சும்மா கிடந்தது. சீமைக்கருவேல முள்ளும் நாலைந்து பனையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அதைக் கொஞ்சம் வெட்டித் திருத்தி ஐந்து குழி போட்டார். புல் வளர்க்கத் தண்ணீர் ஏது? குழியைச் சுற்றி வட்டமாக ஆற்று மணலைக் கொட்டி, காற்றில் பறக்காமல் இருக்க மெஷின்களிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை அதில் ஊற்றிக் கலந்து, பலகையால் இழுத்துச் சமன் செய்வார்கள். கறுப்பு மணல் வட்டத்தின் நடுவில் ஒரு குழி, ஒரு கொடி. ஆட்கள் அதற்கு குழிப்பந்து என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஆபீசர்கள்தான் அவரோடு ஆடினார்கள். எல்லோரும் வேண்டுமென்றே தோற்றார்கள். அவருக்கு அது புரிந்துவிட்டது. அவரே முன்னின்று அனுப்பவிருந்த ஒரு லோடைத் தப்பு என்று குறி போட்டுத் திருப்பியவன் நான் ஒருவன்தான் என்பதால், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, ஒரு பழைய இரும்பு மட்டையைக் கையில் கொடுத்தார்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் ஆடினேன். கொடியைப் பார்த்து அடித்தால் பந்து கொடியின் நேருக்கே கிடக்கும். போய்ப் பார்த்தால் வெட்டவெளியில், அடுத்த அடிக்கு வாகாக, பூ வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். மானேஜர் தலையை ஆட்டி ஆச்சரியப்படுவார். நான் வாயைத் திறந்து பீற்றிக்கொள்ளவில்லை, ஆனால் உள்ளுக்குள் என் கை நேராகத்தான் அடிக்கும் என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை வந்துவிட்டது. உலகத்தில் நான் அளந்து பார்க்காமல் நம்பிய ஒரே விஷயம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

முள்காட்டில் பந்து விழுந்தால் கிடைக்காது. அதனால் நூற்றைம்பது கஜம் முன்னால் ஒரு ஆள் போய் நின்று, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து, அதன் பக்கத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும். அந்த வேலையை உன் மாமன் ஏகாம்பரம் செய்தான். உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. எளாவூரிலிருந்து அவனை அழைத்து வந்து, ஆலை வளாகத்தில் கூட்டிப் பெருக்கி, சாமான் தூக்கிப் போடுகிற தற்காலிக வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். பழவேற்காடு ஏரியில் மடவை மீன் எங்கே துள்ளுகிறது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவன், அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு பந்து விழ முடியாது. அடுத்த சித்திரையில் நிரந்தரம் செய்கிற பட்டியலில் அவன் பெயர் இருந்தது. உன் அம்மா அவனுக்குப் பெண்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

பொங்கல் முடிந்து சில நாளில் மானேஜர் ஒரு செய்தி சொன்னார். மெட்ராஸிலிருந்து இன்னொரு கம்பெனிக்காரர்கள் ஆட வருகிறார்கள், நம் பக்கத்தில் அவரும் நானும். அதற்கு அடுத்த சனிக்கிழமையே என் பந்து வலப்பக்கம் போக ஆரம்பித்தது. கொடியைப் பார்த்துத்தான் அடிக்கிறேன், கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, போய்ப் பார்த்தால் பந்து வலப்புறம் முப்பது கஜம் தள்ளி முள்ளுக்குள் கிடக்கிறது. ஏகாம்பரம் அதன் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இங்கதான் வுழுந்துச்சு மாமா என்கிறான். ஒரு தடவை என்றால் காற்று என்று விட்டிருப்பேன். அன்றைக்கு ஆறு தடவை.

ஒரு சாமான் தப்பாக வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஒவ்வொரு காரணமாகச் சந்தேகப்பட்டு, அளந்து, தள்ளிக்கொண்டே வருவோம். முதலில் மட்டையைச் சந்தேகப்பட்டேன். மதிய இடைவேளையில் அதன் தண்டை இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து உருட்டி, வளைவு காட்டுகிற முள் டயலைத் தொடவைத்துப் பார்த்தேன். தலைமயிரில் பாதிகூட வளைவில்லை. அடுத்தது பந்து. மானேஜர் எனக்கு மட்டும் ஒருபக்கம் கனமான பந்துகளாகப் பொறுக்கிக் கொடுக்கிறாரோ? உன் அம்மாவின் குழம்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, பந்து மிதக்கிற அளவுக்கு உப்பைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுழற்றிவிட்டு எந்தப் பக்கம் மேலே வருகிறது என்று மைப்புள்ளி வைத்தேன். உனக்கு அது ஞாபகம் இருக்கும், வீட்டு உப்பு மொத்தமும் தீர்ந்து, அன்றைக்கு நாம் உப்பில்லாமல் சாப்பிட்டோம். பந்துகளிலும் குற்றமில்லை. பிறகு என் கால் நிற்கிற இடத்தைச் சாக்கட்டியால் வரைந்துவைத்துக்கொண்டு அடித்தேன். கட்டைவிரலை மாற்றிப் பிடித்தேன். தோளைத் தாழ்த்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தேன். பந்து மட்டும் வலப்பக்கமே போயிற்று.

சாமான்கள் எல்லாம் சரி என்று ஆனபிறகு சந்தேகப்பட மிச்சம் இருப்பது ஆள்தானே. அந்த வாரம் ஆலை வாசலில் டீக்கடை பெஞ்சில் ஏகாம்பரம் லேத் பிரிவு ஆட்கள் மூன்று பேரோடு உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்த மூன்று பேரில் ஒருவன் செய்த நாற்பது சாமானை அதற்கு முந்தின நாள்தான் நான் தள்ளியிருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். இன்ஸ்பெக்டர் என்று அலட்டிக்கொள்கிறவனை மெட்ராஸ்காரர்கள் எதிரில் அவமானப்படுத்த வேண்டும், அதற்கு முன்னால் நிற்கிறவனைக் கையில் போட்டுக்கொண்டால் போதும், காலால் ஒரு இடி இடித்தால் பந்து முள்ளுக்குள். அன்றிலிருந்து நான் மட்டையை வீசும்போதெல்லாம் என் கண் பந்தின் மேல் இல்லை, ஏகாம்பரத்தின் காலின் மேல் இருந்தது. பந்து இன்னும் மோசமாகப் போயிற்று. அது என் சந்தேகத்தை இன்னும் உறுதிப்படுத்தியது.

ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை, இரண்டாவது குழி. அடித்தேன். அவன் வலது கால் அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். மட்டையைக் கீழே போட்டுவிட்டு நேராக நடந்துபோய், மானேஜர் எதிரிலேயே கேட்டேன், எத்தனை நாளாகப் பந்தை உதைக்கிறாய், யார் சொல்லி உதைக்கிறாய் என்று. ஏகாம்பரம் மானேஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் உன்க்கு ஒண்ணும் கெட்டது பண்ணல மாமா" என்று மட்டும் சொன்னான். உதைக்கவில்லை என்று சொல்லவில்லை பார்த்தாயா? நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மானேஜரிடம் அதையே சுட்டிக்காட்டினேன். திங்கட்கிழமை நிரந்தரப் பட்டியலிலிருந்து அவன் பெயர் போயிற்று, தற்காலிக வேலையும் போயிற்று.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நம் வீட்டுக்கு வந்தான். அதற்குள் நான் உன் அம்மாவிடம் என் பக்கத்தை முழுசாகச் சொல்லி முடித்திருந்தேன். அவள் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "உன்ன இட்டாந்து சோறு போட்ட மனுசன் சோத்துலயே மண்ண அள்ளிப் போட்டியே. இனிமே இந்த ஊட்டு வாசப்படி ஏறாத" என்றாள். அவன் அக்கா என்றான். அப்படிக் கூப்பிடாதே என்றாள். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவள் நியாயத்தின் பக்கம் நிற்கிறாள் என்று பெருமைப்பட்டேன். அவன் போனபிறகு அவள் துணி துவைக்கிற கல்லருகே போய் நெடுநேரம் ஒரே புடவையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். நீயும் ஒரு வாரம் மாமா ஏன் வரவில்லை என்று கேட்டாய், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். முன்னால் வேறு ஒரு ஆள் நின்றான், பக்கத்தில் மெட்ராஸ்காரர்களின் ஆளும் நின்றான், அப்படியும் என் பந்து வலப்பக்கம்தான் போயிற்று. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். புது ஆளையும் அவர்கள் விலைபேசிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு விடுமுறை. ஆலை பூட்டிக் கிடந்தது. பகல் பதினோரு மணிக்கு நான் மட்டும் மட்டையும் பன்னிரண்டு பந்துமாகப் பின்பக்கம் போனேன். முன்னால் யாரும் இல்லை. அடித்தேன், நேராகப் போயிற்று. பன்னிரண்டையும் அடித்தேன், பன்னிரண்டும் கொடியின் நேருக்குப் போய் விழுந்தன. முதலில் சந்தோஷமாக இருந்தது. என் தொழில் புத்தி சும்மா விடவில்லை. என் சட்டையைக் கழற்றி, ஏகாம்பரம் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு முள்செடியில் மாட்டிவிட்டு வந்து மறுபடி அடித்தேன். பந்தின் மேல் மட்டை படுவதற்கு ஒரு நொடி முன்னால் என் தலை தானாகத் தூக்கிக்கொண்டது, அந்தச் சட்டையைப் பார்ப்பதற்கு. தலை தூக்கியதும் தோள் திரும்பியது, பந்து வலப்பக்கம் முள்ளுக்குள் போயிற்று. சட்டையை எடுத்துவிட்டு அடித்தேன், நேர். மறுபடி மாட்டினேன், வலப்பக்கம். வெற்று உடம்போடு அந்த வெயிலில் நான்கு தடவை அதைச் செய்து பார்த்தேன். எங்கள் ஆலையில் எந்தக் குற்றத்தையும் இதைவிடச் சுத்தமாக நான் கண்டுபிடித்ததில்லை. குற்றம் என் கழுத்தில் இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மானேஜர் அறைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், இதை நீ நம்ப வேண்டும். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவர் என்னை உட்காரச் சொன்னார். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கே என்னைத் தலைமையாகப் போடுவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். சொந்த மைத்துனன் என்று பார்க்காமல் தப்பைத் தப்பு என்று சொன்ன ஆளைவிட அந்த இடத்துக்குப் பொருத்தமானவன் யார் என்று கேட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ படித்த பாலிடெக்னிக், உன் தங்கை கல்யாணம், நாம் இருக்கிற வீடு எல்லாம் அந்த நாற்காலியிலிருந்து வந்தவை. தலையைத் தூக்காமல் அடிக்கப் பழகிக்கொண்டேன், அந்த மானேஜர் ஊருக்குப் போகும்வரை நன்றாகவே ஆடினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இப்படியே போயிருக்கும். உன் கல்யாணம் முடிவானதும் உன் அம்மா ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, யார் யார் என்னென்ன முறை செய்ய வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் மாலைக்கு அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை நிறுத்திக்கொள்ளலாம் என்று சாதாரணமாகச் சொன்னாள். "என் கூடப் பொறந்தது ஒழுங்கா இருந்திருந்தா நான் ஏன் இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கப் போறேன்" என்றாள். அழவில்லை. பதினோரு வருஷமாக அவள் தன் தம்பிக்காக என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை வேறு வேலை என்று பொய் சொல்லிவிட்டு எளாவூருக்குப் போனேன்.

ஏகாம்பரம் செக்போஸ்ட் பக்கத்தில் இருக்கிறான். ஆந்திராவிலிருந்து வருகிற லாரிகளும், கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பும் ஆலைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற லாரிகளும் அங்கே வரிசையில் நிற்கும். அவற்றின் கிழிந்த தார்ப்பாய்களைத் தைத்துக் கொடுக்கிறான். முடி நரைத்துவிட்டது. ஒரு டிரைவர் தெலுங்கில் நைனா நைனா என்று அவனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோணூசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து, டீ சொல்லிவிட்டு வந்தான். அந்த டீயைக் குடிக்கவே எனக்குச் சந்தேகமாக இருந்தது, புத்தி அப்படி. குடித்துவிட்டு, சட்டையை மாட்டி அடித்தது முதல் நாற்காலி வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"பந்த நான் தள்னது நெசம்தான் மாமா" என்றான்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று. என்னைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது அந்த ஒரு நொடியில் இருக்கிறது. அவன் அதற்குள் மேலே பேசிக்கொண்டு போனான்.

"மொத நாள்லருந்தே நீ அடிக்கிறதுல பாதி ரைட்டுலதான் போவும். நான் ஒயுங்கா பாக்கறனான்னு நீ தலய தூக்கிப் பாப்ப. முள்ளுக்குள்ள வுழுந்தத, நீங்க ரெண்டு பேரும் நடந்து வரதுக்குள்ள காலால கொடி நேருக்கு வெளிய தள்ளி வைப்பேன். ஒரு வருசமா அதான் பண்ணிக்கினு இருந்தேன். மேட்ச்சுல அவங்க ஆளும் என்கூட நிப்பான்னாங்க. அன்னிக்கி தள்ள முடியாதே. அதான் முன்னாடியே நிறுத்திட்டேன். நீ கெட்டிக்காரன், நீயே பாத்து சரி பண்ணிக்குவேன்னு நெனச்சேன்."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தொரை எதுர்லயா? இன்னான்னு சொல்றது, மாமா கெலிச்சதெல்லாம் என் காலு கெலிச்சதுன்னா?" என்றான்.

கும்மிடிப்பூண்டி வரை பஸ்ஸில் வரும்போது நான் பழைய பழக்கத்தில் அவன் சொன்னதைச் சரிபார்த்தேன். பூ வைத்த மாதிரி உட்கார்ந்திருந்த பந்துகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. முள்காட்டு மண்ணில் ஒரு பந்துகூட வேரிலோ பள்ளத்திலோ சிக்காமல், ஒரு வருஷம் முழுக்க வெட்டவெளியில் கிடந்திருக்கிறது. வேறு எவன் சாமானாவது அப்படி ஒன்றுகூடத் தப்பாமல் வந்திருந்தால் நான் கடப்பாரையைப் போட்டுத் தோண்டியிருப்பேன். என் பந்து என்பதால் கேட்கவே இல்லை. கெட்டது நடந்ததும் யார் செய்தது என்று தேடினேன், நல்லது நடந்தபோது ஒருநாளும் தேடவில்லை. உனக்கு நான் புத்தி சொல்வதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். சந்தேகப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, நீயும் என் பிள்ளை, உன்னால் முடியாது. நாளைக்குக் குடித்தனம் நடத்தும்போது எல்லாம் உனக்கு வாகாக நடந்துகொண்டே இருந்தால், அப்போது சந்தேகப்படு. உனக்குத் தெரியாமல் யாரோ முள்ளில் கால் வைக்கிறார்கள். அது அநேகமாக அந்தப் பெண்ணாக இருக்கும்.

நான் எளாவூரிலிருந்து கிளம்பும்போது அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். அவன் கோணூசியைக் கையில் எடுத்துக்கொண்டான். "அவளுக்குத் தெரியாம நான் வந்து நின்னா, மன்னிச்சு வுட்ட திருடனாத்தான் நிப்பேன் மாமா. அப்டி வந்து என்னால மாலை போட முடியாது. மொதல்ல அவகிட்ட சொல்லு" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து ஆறு நாளாகிறது. சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்று இருப்பேன், அவள் காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள், குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். செய்யாத குற்றத்துக்காகத் தன் தம்பியை வாசலில் நிறுத்தியவள் அவள், நிறுத்த வைத்தவன் நான். அதைக் கேட்டதும் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாலே எனக்கு நாக்கு எழவில்லை. மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "பேஜாரு புடிச்ச மாதிரி இன்னாத்த எழுதிக்கினு கீறீங்க" என்று இப்போதும் கேட்டுவிட்டுப் போனாள். உனக்குக் கடிதம் என்றேன். அப்படி என்ன இருக்கிறது அவனுக்குச் சொல்ல என்று கேட்டாள்.

எழுதி முடித்ததும் இந்தத் தாள்களை அவளிடம் கொடுக்கப் போகிறேன். வாயால் சொல்ல முடியாதவன் செய்யக்கூடியது இவ்வளவுதான். படி, படித்தபிறகு அனுப்ப வேண்டும் என்று தோன்றினால் நீயே உறையில் போட்டு, நீயே விலாசம் எழுதி அனுப்பு, தோன்றாவிட்டால் அடுப்பில் போடு என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டேன்.

ஆகவே மகனே, இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறதென்றால் உறையைத் திருப்பிப் பார். விலாசம் அவள் கையெழுத்தில் இருந்தால் நீ நேராக மெட்ராஸுக்கு டிக்கெட் எடுக்காதே. வருகிற நாளை அம்மாவுக்கு எழுதிவிட்டு, கூடூரில் இறங்கி பாசஞ்சர் வண்டி பிடி. எளாவூர் ஸ்டேஷனில் உன் அம்மா உனக்காக நின்றுகொண்டிருப்பாள். அவளைத் தனியாகப் போகவிடாமல், நீயும் கூடவே போய் உன் மாமனைக் கூப்பிடு.

உன் அப்பா